நெட்டையனின் ஈரலும் மாடி அறை நாற்காலியும்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? என் உடம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று தம்பி எழுதியிருக்கிறான் என்று அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மனசுதான் சரியில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் பதினெட்டு வருஷமாக என் பக்கத்தில் நிற்கிற நெட்டையனை உங்களுக்குத் தெரியும். அவனுக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். ஐயோ பாவம் என்று நானும் கண் கலங்கினேன், அதற்குள் கம்பெனி அவனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. ஈரல் கோளாறு உள்ள ஏழு பேருக்குப் புதன்தோறும் சுகாதார வகுப்பு, அதுவும் மாடியில் மேனேஜர்கள் உட்கார்கிற ஏசி அறையில், சுழலும் நாற்காலியில். நர்சம்மா ஒவ்வொருவரிடமும், "நல்லாத் தூங்கினீங்களா, நடந்தீங்களா" என்று கேட்கிறாராம். என்னை இங்கே கடைசியாக நலம் விசாரித்தவர் வாட்ச்மேன், அதுவும் வேறு யாரோ என்று நினைத்து. பசை நெடி ஆகாதென்று அவனை ஜன்னலோர மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடும் வகுப்பிலுள்ள மற்ற ஆறு பேரோடுதான். என் எதிர் பெஞ்சு காலி. தனக்கு ஆகாதென்று போகிற போக்கில் என் தட்டில் அவன் தள்ளிவிடுகிற பொரித்த துண்டுகளை மூன்று மாதமாக நான்தான் வீணாக்காமல் சாப்பிடுகிறேன், அதற்கொரு நன்றிகூடக் கிடையாது. நேற்று என்னிடமே, "வலி மாத்திரையை நீயா வாங்கிப் போடாதடா, ஈரலுக்கு ஆகாது" என்று பாடம் எடுக்கிறான். வயிறு எரிந்தது அத்தான். நேரே நர்சம்மாவிடம் போனேன்.

"என்னையும் வகுப்புல சேத்துக்குங்கம்மா."

"உங்களுக்கு ஈரல்ல ஏதாவது கோளாறா?"

"இருக்குன்னு வச்சுக்குங்களேன்."

"அப்படியெல்லாம் வச்சுக்க முடியாதுங்க. ரத்தம் குடுத்துட்டு, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

எல்லாம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் ஈரல் நன்றாக இருந்து தொலைக்குமோ என்பதுதான் இப்போதைய கவலை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஈரல் இருந்தும் பயனில்லாத உங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கும் கொழுப்பாம், நெட்டையனைவிட ஒரு படி அதிகம். ஒழுங்காக இருந்தால் சரியாகிவிடும் என்கிறார் நர்சம்மா. ஆனாலும் பயமாக இருக்கிறது அத்தான். புதன்கிழமை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. நெட்டையனுக்குத் தேறிவிட்டதாம், கீழே எங்கள் பெஞ்சுக்கே திரும்பிவிட்டான். அவன் ஈரல் கெட்டதற்கு அன்று பொறாமைப்பட்டேன், அது தேறியதற்கு இன்று பொறாமைப்படுகிறேன். கல்லைத் தின்கிற அந்த வரியை மட்டும் அக்காவுக்கு வாசிக்க வேண்டாம்.