உச்சியில் ஓர் ஆள்

மழையைவிட மலைகள் மிகுந்த நாடு மேருநாடு. கல் உடைப்பதே அங்கே பிழைப்பு. ஒருமுறை மழை பொய்த்து, கூலியாகக் கிடைத்த தானியம் பாதியானது. மக்கள் முறையிட்டார்கள்.

"நாட்டில் குறைந்திருப்பது தானியமல்ல அரசே, மனநிலை," என்றார் அமைச்சர் மதிவாணர். அன்றே மனவுயர்வுத் துறை உருவானது.

களைப்பு என்பது உடம்பில் இல்லை, வெறும் எண்ணம்தான் என்று முதல் ஆணை வந்தது. கல்குழியின் நிழற்பந்தல்கள் பிரிக்கப்பட்டன. பேச்சு மனத்தைக் கீழே இழுக்கும் என்றது அடுத்த ஆணை. அதன்பின் உளிச்சத்தம் மட்டுமே கேட்டது.

சிகாமணியும் அவன் மனைவி பூரணியும் அருகருகே கல் உடைப்பவர்கள். நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது பொழுதே போகவில்லை. பேச முடியாத ஆத்திரத்தையெல்லாம் சிகாமணி கல்லில் காட்டினான். குவியல் உயர்ந்தது. அவனை நாட்டின் முதல் 'உச்சமனிதர்' என்று அறிவித்தார்கள். பரிசு, ஒரு மலையுச்சியும் அதில் ஒரு குடிசையும். வேலையும் அங்கேயே.

"ஐயா, எம் பொஞ்சாதியும் கூட வரலாமுங்களா?"

மதிவாணர் புன்னகைத்தார். "இருவருக்கு இடமிருந்தால் அது எப்படியப்பா உச்சியாகும்?"

மலைமேல் காற்றைத் தவிர யாருமில்லை. சோறு கயிற்றுக்கூடையில் வந்தது. முதலில் கல்லோடு பேசினான் சிகாமணி. பிறகு அதையும் விட்டுவிட்டான்.

கீழே தனித்துப்போன பூரணியும் வெறிபிடித்தவள்போல் உழைத்தாள். அவளுக்கும் ஒரு மலை கிடைத்தது. திடமானவர்கள் எல்லோரும் இப்படி ஒவ்வொருவராக ஏற்றப்பட, அடிவாரத்தில் கிழடுகளும் குழந்தைகளும் கல் சுமந்தார்கள். தானியம் மேலும் குறைந்தது. மனநிலை போதவில்லை என்றது துறை.

அரசர் நீடிப்பதற்கான வாக்கெடுப்பு வந்தது. விடியலில் முரசு ஒலிக்கும். வேண்டுமென்பவர்கள் கையை உயர்த்தினால் போதும். சிகாமணி முடிவு செய்திருந்தான். அறிவிப்பு வந்ததிலிருந்து மனத்துக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்: தூக்க மாட்டேன்.

அன்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றான். முரசு ஒலித்தது. பனி விலகியது. எதிர்மலையில் ஒரு பெண் தெரிந்தாள். இளைத்திருந்தாள். ஆனாலும் அந்த நிற்பு அவனுக்குத் தெரியாதா?

"பூரணி!"

குரல் பாதியிலேயே காற்றில் கரைந்தது. அவளும் ஏதோ கத்தினாள், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

அடிவாரத்தில் அதிகாரிகள் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான்.

"அரசே, அந்த உச்சமனிதரைப் பாருங்கள்!" என்று நெகிழ்ந்தார் மதிவாணர். "இரண்டு கைகளையும் உயர்த்துகிறார்!"

பூரணி கையை இறக்கும்வரை சிகாமணியும் இறக்கவில்லை.