இரவல் கேப்சூலும் ரெய்டு டாக்டரம்மாவும்

நோயாளியின் வீட்டுக்குள் புகுந்து, டிவி மேல் இருக்கும் மாத்திரை டப்பாவைச் சோதனை போட்ட டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் செம்பாக்கத்தில், அதுவும் எங்கள் தெருவில் இருந்தார். வருமான வரிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் காலனியில் அவருக்கு ‘ரெய்டு டாக்டரம்மா’ என்று பெயர்.

எண்பதுகளின் கடைசியில், காபிப் பொடி மாதிரி கேப்சூலும் எங்கள் தெருவில் இரவல் போகும். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கென்று பத்திரப்படுத்துவோம். எந்த வீட்டில் தும்மினாலும், அந்தச் சிவப்பு கறுப்பு இருந்தால் கொடுங்களேன் என்று பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கும்.

டாக்டரம்மாவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. குழந்தைக்குப் பேர் வைக்கக் கூப்பிட்டால்கூட, பாயசத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் டப்பாவைத் திறப்பார். மிஞ்சிய கேப்சூலெல்லாம் அவருடைய ஒயர் கூடைக்குப் போய்விடும். அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு, டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்த குடும்பங்கள் உண்டு. மனுஷி அரிசியையும் துழாவினார்.

சளி என்று போனால் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கச் சொல்வார். ஊசி கிடையாது. ஜனங்கள் தாம்பரத்துக்கு பஸ் ஏறிப்போய்க் குத்திக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மாவின் கிளினிக் பெஞ்சில் பூனை தூங்கியது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் நேரே சண்டைக்கே போய்விட்டார். கேப்சூல் தராதவரெல்லாம் ஒரு டாக்டரா என்று கேட்டாராம். அதற்கு டாக்டரம்மா சொன்னது இது:

“சார், உங்க வயித்துல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடித்தனம் இருக்கு. இந்தக் கேப்சூல் அதுங்களையும் சேர்த்துக் காலி பண்ணிடும். நீங்க மனை வாங்கினவர்தானே? வேலி போடாம சும்மா விட்டா என்ன ஆகும்? கண்டவன் வந்து கல்லு நட்டுடுவான். வயிறும் அப்படித்தான், கெட்ட கிருமி வந்து உக்காந்துக்கும்.”

கேட்கிற ஆளா இவர்? அடுத்த மழையில் சளி பிடித்ததும், எனக்குத் தெரியாமல் வீடு வீடாக வாங்கி விழுங்கியிருக்கிறார். வயிறு பிய்த்துக்கொண்டு போனது. அதை நிறுத்த இன்னொரு வீட்டுக் கேப்சூல். கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே போனது என்னென்ன மருந்து என்று அங்கே கேட்டார்கள். இவரோ நினைவு தப்பிக் கிடந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினேன்.

கூடையை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். அன்றைக்கு ஒருவரும் ஒளிக்கவில்லை. கேட்டைத் திறக்கும் முன்பே டப்பாவோடு வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு சரோஜா அக்கா தன் டப்பாவைக் கூடைக்குள் கவிழ்த்தார்.

“நான் குடுத்தது இதான் டாக்டர். என்னால அண்ணாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

டாக்டரம்மா ஒருவரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூடையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கேப்சூல்களால் வந்த வினைதான் என்று கண்டுபிடித்து, அதற்கான வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. வார்டு வாசலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் இவர் கண்ணைத் திறந்தார். என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, “டாக்டரம்மா, பசிக்குது” என்றார். அந்தம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி. பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்குப் பசிக்கிறது என்றதும் அழுத டாக்டர் எங்கள் தெருக்காரர்.