ஆராலும் அழிக்கேலாத தேத்தண்ணி

இருபத்தைந்தாவது கல்யாண நாளையாவது மறப்பதில்லை என்று பரமநாதன் சபதம் எடுத்தார். முந்தின இருபத்துநாலையும் மறந்தவர். கல்யாணத்தன்றைக்கு மட்டும் ஆட்கள் வந்து கூட்டிப்போனதால் தப்பினார்.

கண்டிக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், கோப்பு எழுதும் லிகிதர் அவர். அங்கே யார் வாயைத் திறந்தாலும் "எழுத்தில தாங்கோ" என்பார். வீட்டிலோ எதையும் எழுத்தில் தரமாட்டார். கூரை ஒழுக்கு அடைக்கிறன், நாளையிலிருந்து காலமைத் தேத்தண்ணி நான் போடுறன் என்று வாயாலேயே அள்ளி வழங்குவார். மனைவி கமலாசனி ஞாபகப்படுத்தினால், "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்று அப்பாவியாகக் கேட்பார்.

ஆனால் இந்த முறை பரிசு உண்மையானது. மணமான புதிதில் பேராதனைப் பூங்காவில் எடுத்த படம். அதில் கமலாசனி கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். இருந்தது ஒரே பிரதி. கண்டி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, அவள் கன்னம்வரை வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றைக்கே அவர் வழி தேடத் தொடங்கினார். படத்தை ஸ்கான் பண்ணி, என்.எஃப்.டி. என்ற அழியாத இணையப் பதிவாக்கி, அவள் பெயருக்கு மாற்றிவிட்டால் பூஞ்சணம் அண்டாது என்று கணினியில் படித்தார்.

செய்முறை அவருக்கு வெகுவாகப் பிடித்தது. பதிவை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ என்பது வேறொன்றுமில்லை, கச்சேரி யன்னல்தான். படிவத்தை நிரப்பி நீட்டினால் உள்ளே பதிந்து முத்திரை குத்தித் தருகிறது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் திருப்பி எறிகிறது. மூன்று தரம் எறிந்தது. பரமநாதனுக்கு அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கல்யாண நாளுக்கு முதல்நாள் பின்னேரம் கூப்பிட்டார். "இஞ்சாரும்! டோக்கன் ஒண்டு எடுக்கிறன். காஸ் வேணுமாம்!"

குசினியிலிருந்து கமலாசனி ஓடிவந்தாள். "ஐயோ, திரும்பவும் காஸ் சிலிண்டர் வரிசையோ? முந்தி நிண்ட கால்நோவே இன்னும் மாறேல்ல!"

"இது வேற காஸ். பதியிறதுக்குக் குடுக்கிற கூலி."

"அதில சோறு அவியுமோ?"

"அவியாது."

"பேந்தென்னத்துக்குக் காஸ் எண்டுறாங்கள்?"

பரமநாதன் படத்தைக் காட்டினார். கமலாசனி கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இதை இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீங்களே?"

"உம்மட ஃபோனுக்கு அனுப்பப்போறன். பேந்து ஆராலும் அழிக்கேலாது, மாத்தேலாது."

"ஆராலுமோ?"

"ஆராலும்."

"நீங்கள் நினைச்சாலும்?"

"நான் நினைச்சாலும் ஏலாது!" மேசையில் தட்டிச் சொன்னார்.

கமலாசனி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். "இந்தக் கட்டம் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"விவரம். எழுதாட்டில் திருப்பி எறியும்."

"அப்ப எழுதுங்கோ. 'என்ர கமலாசனிக்கு. இனிக் காலமைத் தேத்தண்ணி நான்தான் போடுவன். இப்படிக்கு, பரமநாதன்.'"

அவள் கை அவர் தோளில் இருந்தது. கை தோளில் இருக்கும்போது எந்த லிகிதர் வசனத்தை யோசிப்பார்? அடித்தார், பதிந்தார், அவள் பெயருக்கு மாற்றினார். அவள் ஃபோன் கிணுங்கென்றது.

மறுநாள் விடிந்தது. போர்வைக்குள்ளிருந்து பரமநாதனின் குரல் வந்தது. "தேத்தண்ணி எங்க?"

"அதை நீங்களெல்லே போடவேணும்."

"நான் எப்ப அப்பிடிச்..."

மூக்குக்கு முன்னால் ஃபோன் நீண்டது. படம், வசனம், நாள், மணி, நிமிசம், செக்கன். பரமநாதன் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அதை ஒருக்கா என்ர பக்கம் மாத்திவிடும். எழுத்துப் பிழை ஒண்டு கிடக்கு."

"கை மாறினாலும் வசனம் மாறாதெல்லே? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எழும்பிப் போய்க் கேத்தலை வைத்தார். கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்த கமலாசனி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு, பூஞ்சணம் இல்லாமல். பரமநாதன் உருகிப்போனார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எழுத்தில மட்டும் கேக்காதேங்கோ."