வண்டி சொன்ன இருமல்

வண்டிகளுக்கு வாய் முளைத்த அதிசயத்தை நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்கு நீங்கள் வந்ததில்லை என்று அர்த்தம்.

கார் உதிரிப்பொருள் கடைகள் நிறைந்த தெரு அது. கடை திறக்கும் முன்பே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பெயின்ட் மணம் போகாத புது வண்டி, கதவைக் கயிற்றால் கட்டிய பழைய வண்டி, சரக்கு வேன், எல்லாம் நிற்கும். ஒரு நாள் சவ ஊர்தி ஒன்றுகூட நின்றது. அது என்ன சொன்னது என்று கேட்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. அத்தனை வண்டிகளும் வந்தது செவியாரைப் பார்க்கத்தான்.

செவியார் என்பது பெயரல்ல, பட்டம். கொடுத்தது யார் என்று விசாரித்தால் அவரே என்று தெரியவரும். அவர் வண்டிக்குள் தனியாக ஏறுவார். கதவைச் சாத்துவார். கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புத் திரை மாட்டுவார். பிறகு ஸ்டியரிங்கில் காதை வைத்து வண்டியின் மனக்குறையைக் கேட்பாராம். "வெளிய ஆள் பாத்தா வண்டி கூச்சப்படும்" என்பார். நடுரோட்டில் கரும்புகை கக்கும்போது கூச்சப்படாத வண்டி, செவியாரிடம் மட்டும் புதுப்பெண்ணாகிவிடும்.

வெளியே வந்ததும் கண்ணை மூடியபடி இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, உரிமையாளரைப் பற்றி வண்டி சொன்ன ரகசியம். இன்னொன்று, வண்டிக்கு என்ன பொருள் வேண்டுமாம் என்பது. சிலதுக்கு சீட் கவர், சிலதுக்கு ஹாரன். எதுவானாலும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். பக்கத்துக் கடை அவருடைய மச்சானுடையது. வண்டிகளின் ஆசை ஒருநாளும் மச்சான் கடையைத் தாண்டிப் போனதில்லை. இதை அன்றைக்கு நான் கவனித்திருந்தால், இந்தக் கதையில் எனக்குக் கோமாளி வேடம் கிடைத்திருக்காது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கிளம்பும் முன் பின்னால் பார், பக்கத்தில் பார், அப்புறம் வண்டியை எடு என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவன். பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு வந்த பிரச்சினை உண்மையானது. சிக்னலில் நின்றிருந்த என் பயிற்சி வண்டியை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. இறங்கி வந்த வேன்காரர், "அந்தம்மா போன் பாத்துக்கிட்டே ஓட்டினாங்க, திடீர்னு பிரேக் போட்டாங்க" என்று புகார் கொடுத்துவிட்டார். ஓட்டியது என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல் டீச்சர். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவே இல்லை, பயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் என் பேச்சுக்கு ஆதாரம் ஏது? போக்குவரத்து அலுவலகத்தில் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் ஸ்கூல் லைசென்ஸை ரத்து செய்துவிடுவோம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளவும் வராது. பயந்துபோனேன்.

ஆகவே நடப்பதைப் பதிவு செய்ய வண்டியில் மாட்டும் டேஷ் கேமரா வாங்க முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்றால், இரண்டு கேமராக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, இருட்டிலும் தெளிவு என்று ஒரே பெருமை. ஒரே ஒரு வித்தியாசம்: ஒன்று ரோட்டை மட்டும் பார்க்கும், மற்றது வண்டிக்குள்ளேயும் பார்க்கும். ஓட்டுபவர் கையில் போன் இருந்ததா இல்லையா என்பதுதான் என் வழக்கு. எந்தக் கேமரா வேண்டும் என்று பல் முளைக்காத குழந்தைகூடச் சொல்லிவிடும். நானோ வாரக்கணக்கில் விமர்சனம் படித்தேன். ஒருவர் அருமை என்று எழுதியிருந்தார். அடுத்தவர் அதே கேமராவைத் தண்டம் என்று எழுதியிருந்தார். இருவரும் பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவர்கள். படிக்கப் படிக்கத் தெளிவு குறைந்தது.

குழம்பிப்போனவன் எங்கே போவான்? வரிசையில் போய் நின்றேன்.

செவியார் என் வண்டிக்குள் போனார், திரை போட்டார், கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கண்ணை மூடினார்.

"உங்க வலது முட்டி வலிக்குதுன்னு வண்டி அழுவுது சார். கிளட்ச்ல கால் வைக்கிறப்போ எல்லாம் அதுக்கு மனசு பதறுதாம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முட்டி வலி என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. கிளட்ச்சை மிதிப்பது இடது கால் என்ற சங்கதி, இருபது வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு அந்த நேரம் ஞாபகமே வரவில்லை.

"கேமரா எது வாங்கலாம் ஐயா?"

"வெளிய பாக்கிறத வாங்குங்க. உள்ள பாக்கிற கண்ணு ஆவாது. வண்டியோட உயிரை உறிஞ்சிடும்."

மச்சான் அதற்குள் கேமராப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததை நாடகமாகவே நடித்துக் காட்டினேன். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மருந்தை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டாள். புருஷன் பேச்சையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"முட்டித் தைலம் எங்க இருந்துச்சுங்க?"

"டேஷ்போர்டு பெட்டியில."

சொன்ன வாய் மூடவில்லை. அவள் என்னை மருந்துப் பாட்டிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அவருக்கு அதெல்லாம் தொறந்து பாக்கணும்னு அவசியமே இல்ல" என்றேன்.

"சரி. நம்மகிட்ட இன்னொரு டிரெய்னிங் வண்டி இருக்கில்ல, அதுவும் பேசட்டும். நானும் வர்றேன். அது பேசுறது நெஜம்னா நானே அதுக்கு தெனமும் காலை வணக்கம் சொல்றேன்."

இவள் மூக்கை உடைத்தே தீருவது என்று ஒப்புக்கொண்டேன். அவளோ வேறு கடையிலிருந்து இரண்டாவது கேமராவை, உள்ளே பார்ப்பதை, வாங்கி வந்தாள். பயிற்சி வண்டியில் வாத்தியார் பின்னால் பார்க்கவென்று இன்னொரு கண்ணாடி இருக்கும். இரண்டு கண்ணாடிக்கும் இடையில் அதைப் பொருத்தினாள். சார்ஜுக்கு ஒரு பவர் பேங்க். படம் அவள் போனிலேயே உடனுக்குடன் தெரிந்தது. டேஷ்போர்டு பெட்டியைத் துடைத்து, ஒரே ஒரு பொருள் வைத்தாள்: குழந்தைகள் குடிக்கும் இருமல் மருந்து, பாதி காலியான பாட்டில். கூடவே நான் வழக்கமாகப் போட்டுவைக்கும் பெப்பர்மின்ட்டையும் விட்டுவைத்தாள். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் குழந்தை கிடையாது.

மறுநாள் செவியார் ஏறினார். கதவு சாத்தினார். திரை விழுந்தது. வெளியே கூட்டம் கைகட்டி நின்றது. என் மனைவி போனை எடுத்து, பக்கத்தில் நின்ற சரக்கு வேன் டிரைவரிடம், "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்.

இருட்டிலும் தெளிவு என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பாமல் ஆராய்ச்சி செய்தவன் நான். சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. செவியார் முதலில் கண்ணாடியில் மீசையைச் சீவினார். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். மருந்து பாட்டிலை எடுத்து மூடியை முகர்ந்து, போன் வெளிச்சத்தில் லேபிளைப் படித்தார். இன்னொரு பெப்பர்மின்ட் எடுத்தார். காது மட்டும் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒருவேளை பெட்டியைத் திறக்கச் சொன்னதே வண்டிதானோ என்று தோன்றியது. மூளையை நெடுநாள் நிறுத்தி வைத்தால் இப்படித்தான், சட்டென்று ஸ்டார்ட் ஆகாது.

கதவு திறந்தது. செவியார் கண்ணை மூடி நின்றார். கன்னத்தில் பெப்பர்மின்ட் புடைத்திருந்தது.

"வண்டி ரொம்ப வேதனப்படுதும்மா. வீட்ல சின்னக் குழந்தைக்கு நெஞ்சுல சளி. ராத்திரியெல்லாம் இருமுதாம்."

"வீட்ல சின்னக் குழந்தை ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் என் மனைவி. "இதோ பக்கத்துல நிக்குது. இதுக்கு சளி இல்ல, புத்திதான் இல்ல."

கூட்டம் சிரித்த சிரிப்பில் செவியார் கண்ணைத் திறந்தார். அவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள். திரையில் இன்னொரு செவியார் பாட்டிலை முகர்ந்துகொண்டிருந்தார்.

"இது... வண்டி காட்டின எடத்ததான் நான்..." என்று ஆரம்பித்தார்.

"உள்ள பாக்கிற கண்ணு உயிர உறிஞ்சும்னு எனக்கும் சொன்னீங்களே, யாரோட உயிரன்னு இப்பத்தான் புரியுது" என்றார் வேன் டிரைவர். பக்கத்துக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் பெட்டியில் என்னென்ன வைத்திருந்தோம் என்று ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திப் பார்த்து நெளிந்தார்கள். ஒருவர் மட்டும், "என் வண்டி நெஜமாவே பேசுச்சு சார்" என்று முணுமுணுத்தபடி போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பின்னால் வந்த ஒருவர், "அக்கா, மொதல்லேர்ந்து போடுங்க, நான் பாக்கல" என்றார். அவளும் போட்டாள். செவியார் ஏறுவதற்கு முன் பதிவானது முதலில் ஓடியது. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, குனிந்து, நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னைக் கைவிட்டுடாதம்மா. அவர்கிட்ட நல்லபடியா பேசு. இவ முன்னாடி என் மானத்தக் காப்பாத்து."

செவியாருக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். செவியாரும் சிரித்தார்.

அந்தக் கேமரா இப்போதும் வண்டியில் இருக்கிறது. போன மாதம் இன்னொரு புகார் வந்தது, அதே போன் கதைதான். அதிகாரி படத்தைப் போட்டுப் பார்த்தார். கற்றுக்கொண்டிருந்த பெண்ணின் இரு கைகளும் ஸ்டியரிங்கில். புகார் தள்ளுபடி. லைசென்ஸ் பிழைத்தது. வெளியே பார்ப்பதை மட்டும் வாங்கியிருந்தால் இன்றைக்கு நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

"எல்லாம் சரி, பக்கத்து சீட்ல நீங்க ஏன் சார் கண்ண மூடிக்கிட்டு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார் அதிகாரி.

பழக்க தோஷம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நீங்களும் யார் காலிலாவது விழப் போனால், போகும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். அவர் சொல்லப்போகும் தெய்வவாக்கு முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது.