கப்பல் ஏற ஒரு டப்பா

பக்கத்தில் ஆள் நின்றால் எனக்கு ஒண்ணுக்கு வராது. கல்யாணமாகி, பிள்ளையும் பெற்ற பிறகு இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் இது தெரியாதவர் யாரும் மிச்சமில்லை என்பதால், நீங்களும் தெரிந்துகொள்வதில் புதிதாக மானம் போய்விடாது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் பையன்கள் சுவரோரம் வரிசையாக நின்று, யாருடையது உயரமாகப் போகிறது என்று போட்டி வைப்பார்கள். நானும் வரிசையில் நிற்பேன். முகத்தை மட்டும் அதற்குத் தோதாக வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். (நடிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அடிவயிறுதான் ஒத்துக்கிடல.)

நான் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறவன். அதனால் இந்தச் சமாச்சாரத்தை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். உடம்புக்குள் இரண்டு ஃபில்டர் இருக்கிறது. அவை ஓய்வில்லாமல் ரத்தத்தை வடிகட்டி, வேண்டாத உப்பையும் கழிவையும் தண்ணீரோடு சேர்த்து, இரண்டு மெல்லிய குழாய் வழியாகக் கீழே உள்ள டேங்குக்கு அனுப்புகின்றன. டேங்கின் அடியில் இரண்டு வால்வு. டேங்க் நிறைந்தால் மூளைக்குத் தகவல் போகும். உள்வால்வு தானாகத் திறந்துகொள்ளும், வெளிவால்வு நாம் சரி என்றால்தான் திறக்கும். இது ஊர் உலகத்துக்கு. எனக்கோ, பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினால் போதும், இரண்டு வால்வும் இறுகிவிடும். பாவம், ஃபில்டர்களுக்கு இது தெரியாது. அவை பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

படிப்பை முடித்துவிட்டு, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய நடந்து, கடைசியில் கொழும்பில் நிற்கிற ஒரு சரக்குக் கப்பலில் எனக்கு ட்ரெய்னி இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்றே வாட்ஸப்பில் நங்கூரம் படம் போட்டு ‘கடல் அழைக்கிறது’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கினேன். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு திரிந்து, தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டேன்.

“மெடிக்கல் முடிச்சு, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள டாக்டர் ரிப்போர்ட் எனக்கு வந்தாகணும். வரலன்னா உன் இடத்துல அருள் போவான்” என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அருள் தருவைகுளத்துக்காரன், என்னோடு படித்தவன். மாற்று ஆளாக அவனையும் அதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

என்னோடு அம்மாவும் தாசன் மாமாவும் வந்தார்கள். அம்மா பால்வாடி டீச்சர். மாமா அம்மாவின் தம்பி, மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். கப்பலுக்குப் போகிற பிள்ளையை மெடிக்கலுக்குத் தனியாக அனுப்புவதா என்பது இருவருடைய வாதம். கண், காது, நெஞ்சு எல்லாம் மளமளவென்று முடிந்தது. மூத்திரப் பரிசோதனை மட்டும் பாக்கி. கஞ்சா கிஞ்சா ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். இன்னொருத்தனுடையதை வாங்கி ஊற்றி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு ஆள் கூடவே நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டதுமே எனக்கு உள்ளே இரண்டு வால்வும் இறுகிவிட்டன.

பார்க்கிற ஆள், அட்டெண்டர் செல்லத்துரை அண்ணாச்சி. என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அங்கன பாருங்களேன்.”

“அங்கன பாத்தா சுவருதான் தம்பி தெரியும். சுவரைப் பாத்துட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

நியாயம்தான். குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு கட்டத்தில் அவரே பரிதாபப்பட்டு ஒரு பாட்டை முணுமுணுத்தார். அதனால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

வெறும் டப்பாவோடு வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், பால்வாடிக் குரலில்: “ஏலே, என்ன ஆச்சு?”

“வரலம்மா.”

“வரலியா! காலையில தண்ணி குடிச்சியா இல்லியா?”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் எனக்கு அடுத்ததாக உள்ளே போயிருந்த அருள் நிறைந்த டப்பாவோடு வெளியே வந்து, “அண்ணாச்சி, போதுமா, இன்னொண்ணு வேணுமா?” என்று கேட்டான். அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. இயல்பிலேயே தாராளமானவன்.

மாமா களத்தில் இறங்கினார். முதலில் இளநீர் வந்தது. பிறகு வாசலில் சைக்கிள்காரரிடமிருந்து பதநீர், அதன் பிறகு மோர், அதற்கும் மேல் எங்கிருந்தோ பார்லித் தண்ணீர். குடித்துவிட்டு உள்ளே போவேன், அண்ணாச்சி பார்ப்பார், வெளியே வருவேன். மத்தியானத்துக்குள் வயிறு மத்தளமாகிவிட்டது. குனிய முடியவில்லை, சிரிக்க முடியவில்லை. தும்மல் வந்தபோது உயிர் போய்த் திரும்பி வந்தது. ஆனால் செல்லத்துரை அண்ணாச்சியின் முன்னால் ஒரு சொட்டு விழவில்லை.

மாமா கூடத்தின் நடுவில் நின்று குடும்ப குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “எல்லாருக்கும் வணக்கம். நம்ம ரெக்சுக்கு இன்னும் ஒண்ணுக்கு வரல. அஞ்சு மணிக்குள்ள வரலன்னா கப்பல் போயிரும். எல்லாரும் மாதாகிட்ட ஒரு மந்திரம் சொல்லுங்க.” துபாயில் இருக்கிற சொந்தக்காரர்களிடமிருந்து கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. சித்தி ஒருத்தி போனில் தனியாகக் கூப்பிட்டு, “கிட்னியில கல்லா இருக்குமோ?” என்றாள். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். (ஸ்டைலுக்கு இல்ல. மூஞ்சியை மறைக்க.)

அந்தக் கூடத்திலேயே எதிர் பெஞ்சில் ஸ்கேனுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கஷ்டம் நேர்மாறானது. டேங்க் நன்றாக நிறைந்திருந்தால்தான் வயிற்றுக்குள் படம் தெளிவாக விழும் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கவைத்து, அடக்கச் சொல்லியிருந்தார்கள். காலைப் பின்னிக்கொண்டு, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல் இருந்தார்கள். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“தம்பி, நாம ரெண்டு பேரும் மாத்திக்கிட முடிஞ்சா எம்புட்டு நல்லா இருக்கும்!”

மணி நாலரை ஆனது. நான் மறுபடியும் உள்ளே போனேன். இந்தத் தடவை அம்மா பாத்ரூம் கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

நம் வீடுகளில் கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்து, காது பக்கம் “உஸ்ஸ்ஸ்” என்பார்கள், குழந்தையும் போய்விடும். ‘அம்மா’ என்று சொல்லக் கற்பதற்கு முன்பே அந்தச் சத்தம் நம் உடம்பில் ஏறிவிடுகிறது. என் அம்மாவோ வீட்டுப் பிள்ளையோடு நிறுத்தியவள் இல்லை. ஒரே உஸ்ஸில் ஒரு பால்வாடியையே முடித்து, கை கழுவி, சத்துமாவுக்கு உட்காரவைக்கிற அனுபவம் உள்ளவள்.

“எய்யா, பயப்படாத. அம்மா இங்கனதான் நிக்கேன். உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளே ஏதோ இளகியது. டப்பாவின் அடியில் இரண்டு சொட்டு விழுந்தது. அதற்குள் வெளியே பெஞ்ச் தடாரென்று சாய்கிற சத்தம்.

“எம்மா, நிப்பாட்டும்மா! நல்லா இருப்பே, நிப்பாட்டும்மா!” உடன்குடி அண்ணாச்சியின் குரல்.

அம்மா அதை உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, இன்னும் பலமாக இழுத்தாள். ஸ்கேன் பெஞ்ச் மொத்தமும் எழுந்து பாத்ரூமை நோக்கி ஓடிவந்து கதவைத் தட்டியது. அங்கே இருந்ததே அந்த ஒரு பாத்ரூம்தான். தட்டிய தட்டில் என் வால்வுகள் பழையபடி பூட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு என் பக்கத்தில் நின்ற செல்லத்துரை அண்ணாச்சி, “தம்பி, ஒரு நிமிஷம் தள்ளுங்க” என்று என்னை ஒதுக்கிவிட்டு என் இடத்தில் நின்றுகொண்டார். அம்மாவின் வைத்தியம் அன்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பலித்தது, என்னைத் தவிர.

டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்கேன் எல்லாம் கெட்டுப்போன கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். “தம்பி, இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது. அருள் ரிப்போர்ட்டை அனுப்பிடறேன்.”

எத்தனை நாள் அந்த ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பேன்! நீச்சல், தீயணைப்பு, இன்ஜின் எல்லாவற்றிலும் தேறிவிட்டு, ஒரு டப்பாவை நிரப்ப முடியாமல் கப்பலை விடுகிறேனே என்று நினைத்தபோது கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்தது. (அது மட்டும் கேக்காமலே வந்துச்சு.) அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, என் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து மெல்லத் தட்டினாள்.

“எய்யா, இங்கன யாரும் இல்ல. நானும் நீயுந்தான். உஸ்ஸ்ஸ்...”

அறையில் டாக்டர் இருந்தார். மாமா இருந்தார். டப்பாவோடு செல்லத்துரை அண்ணாச்சி இருந்தார். கையெழுத்து வாங்க வந்த அருள் இருந்தான். ஸ்கேனுக்கு நியாயம் கேட்க வந்த உடன்குடி அண்ணாச்சி வாசலில் நின்றார். இத்தனை பேருக்கு நடுவில் அது வந்தது.

டப்பாவைப் பிடுங்கித் திரும்பி நிற்க மட்டும்தான் நேரம் இருந்தது. டப்பா கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிட்டது. பின்னால் இளநீர், பதநீர், மோர், பார்லி எல்லாம் வரிசையில் நின்றன. திறக்காத வால்வு திறந்துவிட்டது, இப்போது மூடமாட்டேன் என்றது. மூலையில் இருந்த கைகழுவும் பேசினை நோக்கி அப்படியே நடந்தேன். நடந்த வழியெல்லாம் ஈரமானது. டாக்டர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். உடன்குடி அண்ணாச்சி ஸ்கேனை மறந்து கைதட்டினார். மாமா போனை என் பக்கம் நீட்டி, “மாதாவே, வந்துட்டு! வந்துட்டு! நல்லாக் கேளுங்க!” என்று குரூப்புக்கு நேரடி ஒலிபரப்பே செய்துவிட்டார்.

முடிந்தபோது எனக்கு உடம்பு பறந்தது. உலகத்தில் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். டாக்டர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பரிசோதனைப் பட்டை ஒன்றை அதில் முக்கி எடுத்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“இது செல்லாது தம்பி. இதுல கலரும் இல்ல, உப்பும் இல்ல. நீங்க குடிச்ச குடிக்கு கிட்னி வெறும் தண்ணியாத் தள்ளியிருக்கு. இத அனுப்புனா, தண்ணி கலந்துட்டாங்கன்னு கப்பல் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிடுவான்.”

“நாங்க எல்லாரும் பாத்தோமே டாக்டர்!” என்றார் மாமா.

“நானுந்தான் பாத்தேன். இனி சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா செல்லாது.”

அருள் கொழும்புக்குப் போனான். போகும்போது வீட்டுக்கு வந்து, “ஏலே, மனசுல வச்சுக்கிடாத. கப்பல்ல பாத்ரூமுக்கெல்லாம் தாழ்ப்பாள் இருக்காம்” என்று ஆறுதல் சொன்னான். அவன் போனபிறகு அழுதேன்.

சில மாதம் கழித்து எனக்கு வேறொரு கப்பல் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டப்பா. இந்த முறை தண்ணீர் குடிக்காமல் விடிந்தும் விடியாமல் தனியாகப் போனேன். செல்லத்துரை அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே கூரையைப் பார்த்துக்கொண்டு, கூச்சத்தோடு, “உஸ்ஸ்ஸ்” என்றார். வந்தது. “கலர் நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே ஸ்கேன் பெஞ்சுக்கு மேலே புதிதாக ஒரு போர்டு: ‘இங்கே உஸ் என்று சத்தம் எழுப்பக் கூடாது.’ அமைதி காக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் அறையில் மாமா பதிந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அழியவில்லை. என் கல்யாண ரிசப்ஷனில் மைக்கில் போட்டார். பெண் வீட்டார் முதலில் அருவி என்று நினைத்தார்களாம்.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் கப்பலிலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். பக்கத்தில் அருள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். இப்போது இரண்டு பேரும் ஒரே கப்பல். திரையில் அம்மா காலை நீட்டி, அதில் என் மகளை உட்காரவைத்திருந்தாள். போன் வந்ததால் வேலையை நிறுத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

“அப்பாவுக்கு டாட்டா சொல்லுளா. உஸ்ஸ்ஸ்ஸ்...”

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதே நொடியில் அருளும் எழுந்தான். சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பாத்ரூம்தான். இந்தத் தடவையும் அவன்தான் முந்திக்கொண்டான்.