லாரிக்கு அழுத அண்ணன்

வாழப்பாடியில் குடியிருக்கும் என் கூடப்பிறந்தவள் மாரக்காளுக்கு, உன் அண்ணன் செங்கோடன் வாயால் சொல்ல, மருமகள் தமிழ்ச்செல்வி கையால் எழுதும் கடுதாசி. இங்கே உன் அண்ணி முத்தாயம்மாள் முதல் கன்னுக்குட்டி வரைக்கும் எல்லோரும் சுகம். ஒரு உழவுக்கு உண்டான மழை பெய்தது. குச்சிக்கிழங்கு பரவாயில்லை. அங்கே உன் முழங்கால் வலி தேவலையா, தோப்பில் பாக்கு பிடித்திருக்கிறதா என்று போனிலேயே கேட்டிருப்பேன். நீதான் எடுக்க மாட்டேங்கறியே. எங்க ஊட்டு நம்பரைப் பாத்தாலே கட் பண்ணிடறியாம். கடுதாசியைக் கட் பண்ண முடியாது பாரு, அதனாலதான்.

நடந்தது இதுதான் சாமி. பேத்தி அபிநயா ஒரு நாள் வந்து, "அப்பாரு, என் கல்யாணத்துக்கு முந்தி நம்ம பழைய படத்தையெல்லாம் ஒண்ணாக் கோத்து, சொந்தக்காரங்க அத்தனை பேரும் போனுலயே பாக்கறாப்பல பண்ணப்போறேன்"னா. பண்ணு சாமின்னேன். தகரப் பொட்டியில கெடந்த போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, பக்கத்துக்கு ஒண்ணா ஒட்டுனா. அந்தப் பக்கத்துக்குச் சிலைடுன்னு பேராம். அடியில எழுத்து வேற போட்டா. எழுத்தைப் போட்டா என்னையாட்டம் இருக்கறவன் என்னத்தக் கண்டான்னு கேட்டேன். "சரி, நீங்களே பேசிருங்க"ன்னு போனை என் வாய்க்கு நேரா நீட்டிட்டா. ஒரு படத்துக்கு ஒரு வரி போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. எனக்கு எங்க ஒரு வரியில நிக்குது? கெணத்தைக் காட்டுனா, வெட்டுன கதையைச் சொல்லோணும். எதுக்கு வெட்டுனோம்னா, மழை பொய்ச்ச கதையைச் சொல்லோணும். அந்த வருசம் நம்ம ஐயன் தான் குடிக்காம நம்ம ரெண்டு பேருக்கும் கம்மங்கூழை ஊத்துனதைச் சொல்லாம, நான் எப்படிக் கெணத்துக்குள்ள எறங்கறது? இவ அதுல ஒரு சொல்லைக்கூட வெட்டல. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு நேரம் வெச்சு, எம் பேச்சைக் கூடவே ஓட உட்டு, வீடியோவா மாத்தி, இன்டர்நெட்ல ஏத்தி, குடும்பக் குரூப்புல போட்டுட்டு வேலைக்குப் போயிட்டா. போடறதுக்கு முந்தி ஒருக்கா முழுசாப் பாத்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிருச்சாம்.

படம் பாட்டுக்கு டவுன் பஸ்ஸாட்டம் டாண்ணு கெளம்பிக் கெளம்பிப் போயிருச்சு. எம் பேச்சு வேட்டியைத் தூக்கிப் புடிச்சுட்டு அது பின்னாலயே ஓடி வருது. எங்க ஏறும்? நம்ம பழைய லாரி படம் வருது, எங்குரல் அழுவுது. "இவளை அனுப்பி வெச்ச அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல"ங்கறேன். குரூப்புல ஒரே சிரிப்பு, செங்கோடன் மாமனுக்கு லாரி மேல அம்புட்டுப் பாசமான்னு. வித்த துக்கம்னு சொல்லிச் சமாளிச்சேன். அடுத்தாப்பல உன் அண்ணி, பட்டுச்சேலை கட்டி மூக்குத்தி போட்டுட்டு நிக்கறா. அப்பத்தான் லாரிக்கு உண்டான பேச்சு வந்து சேருது. "காத்தால தள்ளி உட்டாத்தான் கெளம்பும். ஹாரன் மட்டும் ஊரையே எழுப்பும்." உன் அண்ணி அன்னைக்கு எனக்கு ரசத்துல உப்புப் போடல. அதுக்கப்புறம் கெணறு வருது. "பாத்த அன்னைக்கே உழுந்துட்டேன்"ங்கறேன். அது உன் அண்ணிக்குச் சொன்னது. ஆனா ராசிபுரத்துல இருந்து ரெண்டு பேரு ஆரஞ்சுப் பழத்தோட வந்து, எந்தக் கால் முறிஞ்சுதுன்னு கேட்டுட்டுப் போனாங்க. கடைசியில மாப்பிள்ளையோட அப்பா, அஸ்தம்பட்டிக்காரர், கோட்டுப் போட்டுட்டு வாராரு. "வெளிய பாத்தா ஆழம், எறங்கிப் பாத்தா வெறும் பாறை"ன்னு கெணத்துப் பேச்சு அவர் தலையில எறங்குது. நல்ல மனுசன். "ஏனுங்க மாமா, பாறை வரைக்கும் பாத்துட்டீங்களா"ன்னு போன் போட்டுச் சிரிச்சாரு. சம்பந்தம் பொழைச்சுது.

இந்தக் கூத்துலதான் நம்ம எருமை காரியைப் பத்தி நான் பேசுனது உன் படத்துல வந்து உழுந்திருச்சு. என் கல்யாணத்துல இணைச்சீருக்கு, அண்ணனுக்குத் தங்கச்சி செய்யற சீராச்சே, நீ என் பக்கத்துல மணையில உக்காந்திருக்கற படம். கூறைச்சேலையோட ஒரு நுனி உன் கையில, மறு நுனி என் கையில. அந்த நேரம் பாத்து, "இவ பெரிய முரடு. நாலு பேரு புடிச்சாத்தான் நிப்பா"ன்னு எங்குரல். நீ அதோட போனை அமத்திட்டே. மொத நாளு நீ எடுத்த ஒரே போன்ல உன் அண்ணி எருமை விசயத்தைச் சொன்னதுக்கு, "எருமைக்கு ஆரு அண்ணி நிப்பான்னு சொல்லுவாங்க? நிக்கும்னுல்ல சொல்லோணும்! கல்யாணத்துக்கு நான் வர்றதில்ல. வந்தா என்னையப் புடிக்க நாலு ஆளுக்கு எங்க போவீங்க?"ன்னு கேட்டியாமே. ஏ மாரக்கா, காரியை நாம புள்ளையாட்டம் வளத்தலியா? அவளை நிக்கும்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நம்ம ஐயனும் அம்மாளும் போன பொறகு, நான் அறியாத வயசுல பண்ணுன சேட்டையெல்லாம் நெனப்பு வெச்சிருக்கறவ நீ ஒருத்திதான். பேத்தி கல்யாணப் பந்தியில என் எலைக்குப் பக்கத்து எலையில வேற ஆராச்சும் உக்காந்தா, நான் ஆருகிட்ட பாயசம் இனிப்புப் பத்தலைன்னு சொல்றது?

உனக்கும் உன் மக்க மனுசருக்கும் பட்டி பெருகோணும், பால் பானை பொங்கோணும், முழங்கால் நேராகோணும்னு அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கிட்டு, இத்தோட முடிச்சுக்கறேன்.

உன் அண்ணன்,
செங்கோடன்
(கைநாட்டு)

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டறதுக்கு முந்தி அபிநயா வேலையில இருந்து வந்து, வாங்கிப் படிச்சுட்டா. "அப்பாரு, இந்தப் பொய் நிக்காதுங்க. வாழப்பாடி ஆத்தா படந்தான் மொதப் படம். மொதப் படத்துல பேச்சு எப்படிப் பிந்தும்?"ங்கறா. உன்னைய மொதல்ல வெக்கச் சொன்னதே நான்தான். எருமை யோசனை உன் அண்ணியோடது. காரியை நாம போட்டோவே எடுத்ததில்ல. அதனால மேல எருமை வர்ற எடத்தையெல்லாம் அடிச்சுரு. நிப்பான்னு சொன்னது உன்னையத்தான். அண்ணி வந்தா அண்ணன் நம்மளை மறந்துருவான்னு அழுதுட்டு, மணையில உக்கார மாட்டேன்னு திமிறுனியே, நாலு பேரு புடிச்சாங்களே, நெனப்பிருக்குதா? நீ அமத்துன பொறகு பேசுன மிச்சந்தான் லாரி மேல ஏறிப் போயிருச்சு. எனக்குச் சோறு எறங்காதது உன்னைய வாழப்பாடிக்கு அனுப்பி வெச்ச அன்னைக்கு. லாரிக்கு ஆராச்சும் அழுவாங்களா? மறுக்கா ஒருக்கா போட்டுப் பாரு. சேலை நுனிக்குக் கீழ உத்துப் பாரு. நாலு பேரும் உட்ட பொறகும் உம் மணிக்கட்டைப் புடிச்சிருக்குதே ஒரு கை, அது என்னோடது.