நூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கையெழுத்து

என் அக்கா வயிற்றில் பிறந்து, நம் வம்சத்திலேயே முதன்முதலாகக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டரம்மாவுக்கு,

உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் உன் கிளினிக் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எல்லாரும் ஒரேயடியாக நலமாகிவிட்டால் உன் பிழைப்பு என்னாவது என்பதால், கடைசியில் சொன்னவர்களுக்கு மட்டும் பாதி வேண்டுதல்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உடற்தகுதிச் சான்றிதழ். பதினைந்தாம் தேதிக்குள் போட்டி நடத்துகிறவர்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாம் நானே நிரப்பிவிட்டேன், உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. “மாமா, உங்களுக்குக் கையெழுத்துப் போட்டா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க” என்று போன வாரம் போனில் சிரித்தாயே, அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. விஷயம் தெரியாமல் சிரித்தாய். தெரிந்துகொண்டு போடு.

நம் தெரு சலூன்காரரை உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக என் தலையைக் கவனித்துக்கொள்பவர். தலையில் சரக்கு தீர்ந்துபோன பிறகும் மாதம் ஒருமுறை என்னை உட்காரவைத்து, காற்றிலேயே கத்தரியை ஆட்டி, கௌரவம் குறையாமல் அனுப்பிவைக்கிற பெருமகனார். அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன. வாரத்தில் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி டயாலிசிஸுக்குப் போகிறார். திரும்பும்போது நிற்கத் தெம்பில்லாமல் பஸ் படியில் உட்கார்ந்தே வருகிறார். டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளை ஏற்றிப்போக இருந்த வேன் உயிரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. புது வேனுக்காக நிதி திரட்டும் போட்டி என்று அவர் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது: நீச்சல் 2 கி.மீ., சைக்கிள் 90 கி.மீ., ஓட்டம் 21 கி.மீ. முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, லட்சோப லட்சம் பிள்ளைகளை அழவைத்த வினாத்தாள்களைத் தயாரித்தவன் நான். மூன்று விஷயத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் என் கண்ணுக்கு ‘ஏதேனும் ஒன்றனுக்கு விடையளிக்கவும்’ என்பது தானாகவே தெரியும். ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதையும் நடந்தே ஓடிவிடலாம் என்று திட்டம். மூன்றும் கட்டாய வினா, ஒரே நாளில், எட்டரை மணி நேரத்துக்குள் என்பது பேர் கொடுத்து ரசீது வந்த பிறகுதான் தெரிந்தது.

விலகியிருக்கலாமே என்பாய். அதற்குள் நன்கொடைத் தாளை எழுதி சலூனில் தொங்கவிட்டுவிட்டேனே! தலைப்பில் என் கையாலேயே ‘சார் போட்டியை முழுமையாக முடித்தால் மட்டும் தரப்படும், பகுதி மதிப்பெண் கிடையாது’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. முதலில் கடைக்காரர்கள் சில்லறையாகத்தான் எழுதினார்கள். மூன்றும் கட்டாயம் என்று தெரு முழுக்கப் பரவியதும் பார்க்க வேண்டுமே அவர்களுடைய தர்ம சிந்தனையை! டெய்லர் ஓடி வந்து, “சார், அன்னைக்கு ஒரு சைபர் விட்டுப்போச்சு, பேனா குடுங்க” என்றார். பேக்கரி முதலாளி இரண்டு சைபர் சேர்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு (சிரித்துத்தான்), “உடம்பைப் பாத்துக்கங்க சார்” என்றார். கூட்டிப் பார்த்தால், குளிர்சாதனம் வைத்த வேனே வரும். நான் முடித்தால் வேன். முடிக்காவிட்டால் ஒரு டயர்கூட வராது. இதுதான் நிலவரம்.

எட்டு மாதமாகப் பயிற்சி. நீச்சல் குளத்தில் கற்றுக்கொடுப்பவர் எப்போதும் விசிலை வாயிலிருந்து எடுக்காத ஓர் அம்மாள். ‘விசிலம்மா’ என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் நான் இறங்கியதும் குளத்தில் ஒரு ஜாண் நீர்மட்டம் ஏறியது. பத்து நிமிஷத்தில் இரண்டு ஜாண் இறங்கியது. அத்தனையும் என் வயிற்றில். “மூச்சை வெளிய விடுங்க சார்!” என்கிறார் அந்த அம்மாள். மூச்சு இருந்தால்தானே விடுவது? என் துண்டையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் அத்தை, புடவையோடு குதித்து என்னைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றிலிருந்து அவளும் பக்கத்து வரிசையில் நீந்தினால்தான் என்னை உள்ளே விடுவேன் என்று விசிலம்மா உத்தரவு போட்டுவிட்டார். “இவர் நாலு தடவை முழுகி எந்திரிக்கறதுக்குள்ள நான் அந்தப் பக்கம் தொட்டுட்டுத் திரும்பிடறேன்” என்று வீட்டில் பீற்றிக்கொள்கிறாள். அவசரம் நீச்சலுக்கு அழகில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சைக்கிளுக்கென்று தனிச் செருப்பு, அதாவது ஷூ. பெடலோடு ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குக் குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று கடைக்காரன் சொன்னது சிக்னலில் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. வெட்டிய மரம் போல நிதானமாக, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ‘ஐயோ’ சொல்லி முடிக்கும் அளவுக்கு அவகாசம் கொடுத்து, போக்குவரத்துக் காவலர் மேல் சாய்ந்தேன். “என்ன பெரியவரே, தூக்கமா?” என்றார் அவர். “பூட்டிக்கிச்சு” என்றேன். “எது, வாயா?” என்றார். இரண்டு ஃபர்லாங் முன்னால் போய்விட்ட உன் அத்தை திரும்பி வந்து, குனிந்து, என் காலைச் சாவி திருகுவது போலத் திருகி விடுவித்தாள். அவளுக்கு சைக்கிள் புதிதல்ல; இருபத்தெட்டு வருஷம் அதில்தானே தபால் பட்டுவாடா செய்தாள். ஆனால் எந்த நேரமும் முன்னாலேயே போகிறாள். கேட்டால், “குழி இருந்தா சொல்லத்தாங்க” என்கிறாள்.

ஓட்டத்தில்தான் சதி. கடைத்தெருவைத் தாண்டும்போதெல்லாம் பேக்கரி முதலாளி ஒரு தட்டில் கிரீம் பன்னோடு குறுக்கே வந்து நிற்கிறார். “சார், சக்தி வேணும் சார், சாப்பிட்டுட்டு ஓடுங்க.” டெய்லர் உள்ளே மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுவைத்திருக்கிறார். “ரெண்டே நிமிஷம் சார்.” மனித நேயத்தை மதிக்காதவனா நான்? உட்காருகிறேன். உன் அத்தை மட்டும் நிற்காமல், “பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்” என்று போய்விட்டு, மூன்றாவது பன் முடிவதற்குள் வந்துவிடுகிறாள். போன மாதம் முழு ஒத்திகை. இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தை நாங்கள் முடித்தோம். நாங்கள் என்பதை நீ டாக்டராக அல்ல, குடும்பப் பெண்ணாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, குளத்தைக் குடித்தும் பிழைத்த நுரையீரல், காவலரையே சாய்த்த எலும்பு, மூன்று பன்னை ஒரே மூச்சில் செரித்த வயிறு. இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? படியில் உட்கார்ந்து வருகிறவரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கையெழுத்துப் போடு. கண்ணைத் திறந்தால் உனக்குத் தொழில் ஞாபகம் வந்துவிடும்.

உன் கை பட்ட காய்ச்சல் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகவும், மாப்பிள்ளை ஒரு நாளாவது உனக்கு முன்னால் எழுந்து காபி போடவும் மனதார ஆசீர்வதிக்கும்,

உன் மாமா.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உன் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். தன் பேரில் நிரப்பிய புது விண்ணப்பத்தையும் சான்றிதழ்த் தாளையும் கொண்டு வந்து வைத்தாள். பெயர் மாற்ற நாளை வரை அவகாசம் இருக்கிறதாம். போட்டி நடத்துகிறவர்களிடம் விசிலம்மா ஏற்கனவே பேசிவிட்டாராம். எனவே நான் நிரப்பிய தாளைக் கிழித்துவிட்டு, இத்துடன் இருக்கும் அவளுடைய தாளில் கையெழுத்துப் போடு. கண்ணைத் திறந்துகொண்டே போடலாம். மேலே நான் நீந்தியதாகவும் ஓட்டியதாகவும் ஓடியதாகவும் உனக்குத் தோன்றிய தூரம் அத்தனையையும் அவள் பேரில் மாற்றிக்கொள். பன் மட்டும் என்னுடையது. நன்கொடைத் தாளிலும் ‘சார்’ என்பதை அடித்து ‘அம்மா’ என்று எழுதி, கடை கடையாகப் போய் மறு கையெழுத்து வாங்கிவிட்டாள். பேக்கரி முதலாளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே, “அம்மா, நாங்க சாரை நம்பித்தானே இவ்வளவு எழுதினோம்?” என்றாராம். சலூன்காரர் இந்த எட்டு மாதத்தில் வேனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று உன் அத்தையிடம் கேட்டிருக்கிறார்: “ஜன்னலோர சீட்டை இப்பவே சொல்லி வச்சிடலாமாம்மா?”